பேச்சுக்காரர் வீட்டு விலிகேசா

விலிகேசாவின் குலத்துக்கு வாய்தான் சொத்து. ஃபிஜியில் ஊர்த் தலைவர் சபையில் அவ்வளவு சுலபமாக வாய் திறக்க மாட்டார். அவருக்காகப் பேசுவதற்கென்றே ஒரு குலம் இருக்கிறது. சாவு, கல்யாணம், புதுப் படகு, புதுப் பாதிரியார், எதுவானாலும் அந்தக் குலத்து ஆள் ஒருவர் பாயில் சம்மணமிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, மூச்சு விடாமல் பேசியாக வேண்டும். சம்பளம் ஒன்றும் கிடையாது. வேரை இடித்துக் கரைத்த கவா பானத்தில், தலைவருக்கு அடுத்தபடியாக இரண்டாவது கோப்பை கிடைக்கும். அந்தக் கோப்பைக்காகவே உயிரை விடுகிறவர்கள் அவர்கள்.

விலிக்கு முப்பது வயதானபோது அவன் கணக்கெழுதிக்கொண்டிருந்த கப்பல் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, சுவா நகரத்தில் ஒரு சவ்மீன் நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில் சேர்ந்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வியாபாரம் செய்கிறவர்களின் வெப்சைட்டுக்கு எழுதித் தருகிற வேலை. குலத்தின் இப்போதைய பேச்சுக்காரரான அவன் சித்தப்பா ஒசேயா, இது என்ன வேலை என்று புரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் முழுக்கப் பாடுபட்டார்.

“பேப்பர்ல எழுதுறியா?”

“இல்ல சித்தப்பா.”

“அப்ப புத்தகமா?”

“அதுவும் இல்ல. கடைக்காரங்க விக்கிற சாமானைப் பத்தி எழுதணும்.”

“சரி, யாரு படிப்பா?”

“முதல்ல கம்ப்யூட்டர் படிக்கும். அதுக்குப் புடிச்சிருந்தா மனுஷங்களுக்குக் காட்டும்.”

“நம்ம வீட்டுல இதுவரைக்கும் மனுஷங்களுக்காகத்தான் பேசிருக்கோம். பரவால்ல, போ. கம்ப்யூட்டருக்கும் யாராவது பேசித்தானே ஆகணும்.”

வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் விலிக்கு இந்த வேலை வேண்டியிருக்கவில்லை. பதினோரு மாதத்துக்கு முன்னால் அவன் லைசானியை அவள் அப்பாவிடம் கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்படிக் கூட்டி வந்தவன் திமிங்கலப் பல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பெண் வீட்டார் முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பெண் வீட்டார் அதைக் கையில் வாங்கினால்தான் பகை தீரும். அதுவரை பெண் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. லைசானியின் அப்பா இனோகே, வடக்கே கொரோவூவுக்கு அப்பால் பால்மாடு வைத்துப் பிழைக்கிறவர். மாட்டிடம் காட்டும் பொறுமையில் கால்வாசியைக்கூட மனிதரிடம் காட்டியறியாதவர். பஸ் டிரைவரிடம் அவர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: “வேலை வெட்டி இல்லாதவன் பல்லைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வரவேணாம். வந்தான்னா அவனோட முப்பத்திரண்டையும் இங்கயே வெச்சுட்டுப் போவான்.”

விலி வேலையில் சேர்ந்தபோது லைசானி மூன்று மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறப்பதற்குள் ஒரு தடவையாவது அம்மா வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். வாய் விட்டுச் சொல்லவில்லை. தெருவில் வடக்கே போகிற பஸ் சத்தம் கேட்டால் மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைப்பாள்.

அலுவலகத்தில் மூன்று மாதம் சோதனைக் காலம். அதன் முடிவில் வேலை உறுதியானால் இனோகேயைப் போய்ப் பார்க்கலாம். ஆக, கன்டென்ட் ரைட்டிங் என்னும் அந்தப் புனிதத் தொழிலில் விலி கால் வைத்தது, மாமனார் வீட்டு வாசலில் கால் வைக்கத்தான்.

முதல் நாள் கொடுத்தது ஒரு மெத்தை. அடிலெய்டில் இருக்கிற ஒரு கடைக்கு நானூறு சொற்கள். விலி சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான். முதலாளியம்மா அஞ்சனி கவுண்டர் படிக்க ஆரம்பித்தார். அவருடைய முப்பாட்டன் கரும்பு வெட்ட வந்த கப்பலில் தமிழையும் கொண்டுவந்தார்; மேடத்திடம் அதில் மிஞ்சியிருந்தது ஒரு காவடிப் பாட்டின் முதலிரண்டு அடிதான். படிக்கப் படிக்க அவர் கை நெற்றிக்குப் போனது.

விலி எழுதியிருந்தது இது: ‘எங்கள் மெத்தை மிகவும் சிறியது. உங்களைப் போன்ற பெரியவர்களின் முதுகுக்கு இது எந்த வகையிலும் தகுதியானதல்ல. இதைவிட நல்ல மெத்தை உங்கள் வீட்டில் நிச்சயம் இருக்கும். ஏதோ எங்களால் முடிந்தது. எங்கள் குறையைப் பொறுத்து, பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொள்ள வேண்டும்.’

“விலி, இது மெத்தையை விக்கிறதா, இல்ல மெத்தைக்குக் கருமாதியா?”

“மேடம், மரியாதையா எழுதிருக்கேனே.”

“மரியாதை போதும். இதைப் படிச்சா அந்தக் கடைக்காரனே தரையில படுத்துக்குவான்.”

விலியைக் குற்றம் சொல்லக் கூடாது. அவன் குலத்தில் ஐந்நூறு வருஷமாக இப்படித்தான் பேசுகிறார்கள். கொடுக்கிறவன் பத்து மாட்டை ஓட்டி வந்தாலும் ‘ஏதோ ஒரு நோஞ்சான் கன்றுக்குட்டி’ என்றுதான் சொல்ல வேண்டும். வாங்குகிறவன் கையில் ஒற்றைக் கவா வேர் விழுந்தாலும் ‘மலை போலக் கனக்கிறது’ என்று சொல்ல வேண்டும். தன் பொருளைத் தானே புகழ்கிறவனை அவர்கள் ஊரில் பைத்தியம் என்பார்கள். விளம்பரத் தொழிலில் அதற்கு அனுபவம் என்று பெயர்.

மேடம் இதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “உங்க ஊர்ல வாங்குறவன் பெருசுன்னு சொல்லுவான். இங்க சொல்ல மாட்டான், விலி. அவனுக்கு நேரம் கிடையாது, பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல படிக்கிறான். அவன் சொல்ல வேண்டியதையும் நீங்களே சொல்லிடணும். அதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.”

அடுத்தது குயின்ஸ்டவுன் கடை ஒன்றுக்குப் பனி அள்ளும் மண்வெட்டி.

“மேடம், நான் பனியையே பாத்ததில்லயே.”

“நான் மட்டும் பாத்திருக்கேனா? ஃப்ரீசரைத் திறந்து பாருங்க, அதான் பனி. பாத்துட்டுத்தான் எழுதணும்னா இந்த ஆபீஸ்ல கீழ்க்கடைச் சவ்மீனைப் பத்தி மட்டுந்தான் எழுத முடியும்.”

விலி ரப்பர்ச் செருப்போடு உட்கார்ந்து, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, குளிர்காலக் காலையில் வாசற்படியில் உறைந்த பனியை இந்த மண்வெட்டி எப்படி வெண்ணெய் போல வழித்துத் தள்ளும் என்று எழுநூறு சொற்கள் எழுதினான். அது நன்றாக இருந்ததுதான் விபரீதம். அந்தக் கடைக்காரர், ‘எழுதியவர் பனிப் பிரதேசத்தில் வளர்ந்தவர் என்பது தெரிகிறது’ என்று பாராட்டி எழுதினார்.

அதன் பிறகு விலியை யாராலும் பிடிக்க முடியவில்லை. பெர்த்தில் பல் கட்டும் மருத்துவர், மெல்பர்னில் நாய்க்கு முடி வெட்டுகிறவர், கான்பெராவில் விவாகரத்து வக்கீல் என்று எல்லோருக்கும் எழுதினான். ‘நகரத்தின் நம்பகமான சாக்கடை அடைப்பு நிபுணர்’ என்ற சொற்றொடர் ஒரே பக்கத்தில் ஒன்பது தடவை வர வேண்டும், ஆனால் வந்தது தெரியக் கூடாது என்றார்கள். ஐந்நூறு வருஷப் பேச்சுக்குலத்தின் திறமையெல்லாம் அந்த ஒன்பது தடவைக்குள் போய் அடைத்துக்கொண்டது. எதற்கும் ஐந்து காரணங்கள் கண்டுபிடிக்கப் பழகினான். மூன்று காரணம்தான் இருந்தால் மூன்றாவதை மூன்றாக உடைத்தான்.

உச்சகட்டம் ஃபிஜியைப் பற்றியே எழுத வந்தபோது நடந்தது. மேற்குக் கடற்கரையில் ஒரு பெரிய விடுதி. அதன் விளம்பரம் சிட்னி வழியாகச் சுற்றி விலியின் மேசைக்கே வந்தது. ஒரு ராத்திரி தங்க அவன் ஒரு மாதச் சம்பளம் வேண்டும், அதனால் அவன் அதன் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை. தனக்குத் தெரிந்த கடலையும், தெரிந்த மழையையும், ஈரத்தில் கதவு உப்பிக்கொள்வதையும் எழுதி அனுப்பினான். சிட்னியிலிருந்து திரும்பி வந்தது: ‘இதில் போதுமான அளவு ஃபிஜி இல்லை. எழுதுகிறவர் ஃபிஜியைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொள்ளட்டும்.’ விலி படித்தான். ‘புன்னகைக்கும் மக்கள்’ என்று நான்கு இடத்தில் சேர்த்தான். ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அவன் மட்டும் புன்னகைக்கவில்லை.

வீட்டிலும் இந்த வியாதி தொற்றிக்கொண்டது. ஒரு நாள் காலையில் லைசானியிடம் தேநீரை நீட்டியபடி, “உன் நாளைப் புத்துணர்ச்சியோட தொடங்க இதைவிடச் சிறந்த வழி...” என்று ஆரம்பித்தான்.

“விலி, இது டீ. குடுத்துட்டுப் போ.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“நீ பேசுறதைக் கேட்டா சக்கரை போட்டியான்னு எனக்குச் சந்தேகம் வருது.”

போடவில்லைதான்.

மூன்று மாதம் முடிந்த அன்று மேடம் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்தார். வேலை உறுதி. பஸ் டிரைவர் வழியாகச் சேதி போனது, பஸ் டிரைவர் வழியாகவே பதில் வந்தது: “சனிக்கிழமை வரட்டும்.” முப்பத்திரண்டைப் பற்றி இந்த முறை பேச்சில்லை. லைசானி அந்த வாரம் முழுக்க ஒரே கவுனை மூன்று தடவை துவைத்தாள்.

சித்தப்பா ஒசேயா தன் பெட்டியிலிருந்து பல்லை எடுத்துத் துணியில் சுற்றித் தயாராக வைத்தார். பேச வேண்டியவரும் அவரே. தப்புச் செய்தவன் பின்வரிசையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும், அதுதான் முறை. ஆனால் அது ஆகஸ்ட் மாதம். தேவாலயங்களுக்குள் பாடல் போட்டி. சித்தப்பா தங்கள் தேவாலயப் பாட்டுக்குழுவில் கட்டைக்குரல். வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டியில் முதலிடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தொண்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். சனிக்கிழமை காலையில் அவர் வாயிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. கூட வந்த மற்ற இரண்டு ஆண்களும் வேறு குலம். அவர்கள் பேசினால் அதற்கே தனியாக ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். மிச்சம் இருந்தது விலி.

பஸ்ஸில் சித்தப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, துணி மூட்டையைக் காட்டி, கையை ஆட்டி, ஏதோ சொல்ல முயன்றுகொண்டே வந்தார்.

“சித்தப்பா, தொண்டையை வருத்தாதீங்க. எனக்குப் பேசத் தெரியும். தினம் அதானே பண்றேன்.”

சித்தப்பா அவன் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விலி மனசுக்குள் பேச்சைத் தயாரித்தான். பழைய முறைப்படி ‘இது சின்னது, அற்பமானது’ என்று ஆரம்பித்துப் பார்த்தான். சின்னது என்று இவன் சொல்லி, இனோகே மாமாவும் ‘ஆமா, சின்னதுதான், எடுத்துக்கிட்டுப் போ’ என்று சொல்லிவிட்டால்? பெரிது என்று அவர் சொல்வார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மாட்டுக்காரர். கோபக்காரர். அவர் சொல்ல வேண்டியதையும் தானே சொல்லிவிடுவதுதான் பத்திரம் என்று அவனுக்குப் பட்டது. பயந்தவன் புத்தி எப்போதும் தொழில் பக்கம்தான் ஓடும். கொரோவூ வருவதற்குள் தலைப்பு, மூன்று சிறப்பம்சம், முடிவில் ஓர் அழைப்பு எல்லாம் தயாராகிவிட்டது.

இனோகேயின் வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் அவர், அவர் தம்பிமார், மூலையில் கவா கலக்கிக்கொண்டு லைசானியின் அண்ணன் கமினியெலி. லைசானியும் விலியின் அம்மாவும் வெளியே மாமரத்தடியில் நின்றார்கள். பல் ஏற்றுக்கொள்ளப்படாமல் அவள் உள்ளே வரக் கூடாது. ஜன்னல் வழியாக அவள் கவுனின் ஓரம் மட்டும் விலிக்குத் தெரிந்தது.

விலி முழங்காலிட்டு நகர்ந்து, துணியைப் பிரித்து, பல்லின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஆரம்பித்தான்.

“மதிப்புக்குரிய இந்த வீட்டுப் பெரியவர்களுக்கு! உங்கள் நீண்ட காத்திருப்பு இன்றோடு முடிகிறது. இந்தத் தீவுகளிலேயே தலைசிறந்த திமிங்கலப் பல் உங்களைத் தேடி வந்திருக்கிறது. குறையில்லாத வழவழப்பு. கையில் எடுத்தாலே தெரியும் கனம். தலைமுறை தலைமுறையாக நிலைக்கும் தரம். உங்கள் குடும்பத்தின் கௌரவத்துக்கு இதைவிடப் பொருத்தமான பல் வேறெங்கும் கிடைக்காது. இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள்!”

யாரும் கைதட்டவில்லை. கவா கலக்குகிற சத்தமும் நின்றுபோனது. சித்தப்பா ஒசேயா பாயைப் பார்த்துக்கொண்டு, இருந்த காற்றையும் வெளியே விட்டார்.

முதலில் வாயைத் திறந்தவன் கமினியெலி. மச்சான் முறை, எந்தச் சபையிலும் மச்சானைக் கிண்டல் செய்ய அவனுக்கு உரிமை உண்டு.

“மச்சான், அவ்ளோதானா? ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு இலவசம் இல்லயா?”

தம்பிமார் இருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“எங்கப்பா சொல்ல வேண்டியதையெல்லாம் நீயே சொல்லிட்டியே. பாவம், இப்ப அவரு என்னத்தைச் சொல்றது? ‘சரி, பில்லைக் குடு’ன்னா?”

விலிக்குக் காது சுட்டது. “மச்சான், நான்...”

“சரி, விடு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அதுல விரிசல் எந்தப் பக்கம் இருக்கு?”

“எந்த விரிசல்?”

இதைக் கேட்டவுடன் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸில் அவர் எதைச் சொல்ல அவ்வளவு பாடுபட்டார் என்று அப்போதுதான் விலிக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

இனோகே அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பேசினபோது குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் விலிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அந்தப் பல்லு நான் குடுத்தது. உங்க தாத்தா செத்தப்போ நானே சுமந்துக்கிட்டு வந்தேன். இது ரொம்பச் சின்னதுன்னு நான் சொன்னேன். இதோ உக்காந்திருக்கானே ஒசேயா, இவன்தான் வாங்கினான். மலை மாதிரி இருக்குன்னு சொன்னான். ரெண்டு பேரும் அழுதோம். நீ அதைப் பாக்கக்கூட இல்ல.”

இனோகே வாங்கக் கை நீட்டவில்லை. கயிறு விலியின் விரலில் தொங்கிக்கொண்டே இருந்தது. நீட்டிய பல்லை அவர் வாங்காவிட்டால் மாமரத்தடியில் நிற்கிறவள் அப்படியே பஸ் ஏற வேண்டும். பிள்ளை பிறப்பதற்குள் அம்மா வீட்டுக்குள் கால் வைக்கவே முடியாது.

விலி முதல் தடவையாக அந்தப் பல்லைப் பார்த்தான். பனியைப் பார்க்காமல், விடுதியைப் பார்க்காமல், பெர்த்தில் ஒருவன் பல்லைக்கூடப் பார்க்காமல் மூன்று மாதமாக எழுதித் தள்ளிய கண், இப்போது கலங்கிப்போய்ப் பார்த்தது. பார்க்கிற கண்ணுக்கு எட்டியதை மட்டும் வாய் சொன்னது.

“சின்னதுதான், மாமா. என் கை அளவுகூட இல்ல. நுனியில கொஞ்சம் உடைஞ்சிருக்கு. விரிசல் இடது பக்கம். நடுவுலேருந்து கீழ வரைக்கும் போகுது. எண்ணெய் தேச்சுத் தேச்சு அது கறுத்துப்போயிருக்கு. கயிறு ஒரு எடத்துல அறுந்து, யாரோ தூண்டில் நரம்பு வெச்சுக் கட்டிருக்காங்க.”

“அது நான் கட்டினது” என்றார் இனோகே.

“எனக்குத் தெரியாது, மாமா. கேக்கவும் இல்ல. உங்க பொண்ணையும் அப்படித்தான் கேக்காம கூட்டிட்டு வந்துட்டேன். வடக்க போற பஸ் சத்தம் கேட்டா அவ கையில இருக்கிறதைக் கீழ வெச்சிடுவா. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் வெச்சிடுவா. பஸ் போனதுக்கப்புறம்தான் எடுப்பா. பதினாலு மாசமா நான் அதைப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒண்ணும் சொன்னதில்ல. எனக்கு வேற பேச்சு வரல. மன்னிச்சுக்குங்க.”

பேச்சுக் குலத்தில் பிறந்த எவனும் இவ்வளவு மோசமாக, இவ்வளவு சுருக்கமாக எந்தச் சபையிலும் முடித்ததில்லை. தலைப்பு இல்லை, அழைப்பு இல்லை, வழக்கமான முத்தாய்ப்புகூட இல்லை. சித்தப்பா ஒசேயா மட்டும் குரல் இல்லாத வாயை அசைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இனோகே கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். பால் கறந்து கறந்து விரல் நிமிராத கை. அதை நீட்டிப் பல்லை வாங்கினார். கட்டை விரலால் இடது பக்கத்தைத் தடவினார்.

“பெருசு” என்றார். “ரொம்பப் பெருசு. மலை மாதிரி கனக்குது.”

எல்லோரும் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார்கள். கமினியெலி முதல் கோப்பையை மொள்ளக் குனிந்தான். இனோகே அவனைத் தடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினார். மாடுகளைக் கூப்பிடுகிற அதே குரல்.

“வயித்துப் புள்ளையோட அவ ஏன் வெயில்ல நிக்கிறா? சாப்பிட்டாளான்னு யாராவது கேட்டீங்களா?”

மாமரத்தடியில் இருந்த கவுன் நகர்ந்தது.